மசிகா மழையில் ஆர்ட்லீப் பேக்-ரோலர்: கம்பாலாவிலிருந்து கரோங்கா வரை ஒரு சைக்கிள் பையின் மதிப்பீடு

கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக்கு மசிகா என்று பெயர். அந்தப் பருவத்தில் சைக்கிளில் நெடும்பயணம் போக வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழைக்காலத்தில் அந்த நிலம் முழுக்கப் பச்சை. புழுதி இல்லை, கிணறுகளில் தண்ணீர் உண்டு, காலை வேளைகளில் காற்று குளிர்ந்திருக்கும். பகலில் நனைவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, ஏனென்றால் நனையாமல் இருக்க வழியே இல்லை. மாலையில் வண்டியை நிறுத்தும்போது உடுத்த ஓர் உலர்ந்த சட்டை, படுக்க ஓர் உலர்ந்த படுக்கை, நனையாத கொசுவலை, நனையாத மருந்து, நனையாத பாஸ்போர்ட் ஆகியவை இருந்தால் மறுநாளும் பயணம் தொடரும்; இல்லாவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே பேருந்து நிலையம் தேட வேண்டியதுதான். அதனால்தான் மழைக்காலப் பயணத்துக்கு எந்தச் சைக்கிள் நல்லது என்று கேட்பவர்களிடம், முதலில் பையைப் பாருங்கள் என்று சொல்கிறேன். உகாண்டாவின் கம்பாலாவில் தொடங்கி, மேற்குத் தான்சானியா வழியாக மலாவியின் கரோங்கா வரை நான் கொண்டுசென்ற ஆர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக் பைகளைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

முதலில் பையைப் பற்றிச் சில அடிப்படைத் தகவல்கள். ஆர்ட்லீப் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஹைல்ஸ்பிரான் என்ற ஊரில் இயங்கும் நிறுவனம்; 1982-இல் ஹார்ட்முட் ஆர்ட்லீப் தொடங்கியது. இங்கிலாந்தில் மழையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது லாரிகளின் மேல் போர்த்தியிருந்த தார்பாயைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. இன்றைய பேக்-ரோலர் கிளாசிக்கும் அடிப்படையில் அதே வகைப் பொருள்தான்: பாலியஸ்டர் துணியின் மேல் பி.வி.சி. பூச்சு. பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் ஒரு ஜோடிப் பைகளில் மொத்தம் 40 லிட்டர் கொள்ளளவு. ஜோடியின் எடை 1.9 கிலோ. தையல் இல்லாமல், துண்டுகளை உயர் அதிர்வெண் முறையில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். தையல் போட்ட பை எதுவானாலும் ஊசி நுழைந்த துளைகளின் வழியாக நாளடைவில் தண்ணீர் கசியும் என்பதால், மழைக்காலத்துக்கு இந்த ஓர் அம்சமே பாதித் தகுதி. வாய்க்கு ஜிப் கிடையாது. வாயின் விளிம்புகளைச் சேர்த்து மூன்று நான்கு முறை கீழ்நோக்கிச் சுருட்டி, பட்டையால் இறுக்க வேண்டும்.

நான் போன வழியில் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்யவில்லை என்பதால், பைக்கும் பலவிதமான சோதனை நேர்ந்தது. கம்பாலாவிலிருந்து மசாக்கா போகும் சாலையில், கயாப்வேயில் பூமத்திய ரேகையைக் கடக்கும்வரை, காலையில் வெயிலும் பிற்பகலில் இடியோடு கூடிய மழையும் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. மழை தொடங்கியதும் ஊர்க்காரர்கள் செய்வதுபோல ஏதாவது ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றால் போதும். முத்துக்குலா எல்லையைத் தாண்டித் தான்சானியாவுக்குள் நுழைந்து, கியாக்காவில் ககேரா ஆற்றின் பாலத்தைக் கடந்து, புகோபாவை நெருங்கியதும் அந்த ஒழுங்கு தலைகீழானது. விக்டோரியா ஏரியின் மேல் இரவில் திரளும் மேகங்கள் அதன் மேற்குக் கரையில் விடியற்காலையில் கொட்டித் தீர்க்கும்; ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் புகோபா. அதற்குத் தெற்கே பிகராமுலோ, கிபோண்டோ, கசுலு, கிகோமா, உவின்சா, ம்பாண்டா என்று நீளும் மேற்குப் பகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். அங்கே நான் போய்ச் சேர்ந்தபோது மண் பல மாதத் தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது.

மேலிருந்து பெய்யும் மழையைத் தடுப்பது சுலபம். எந்தப் பைக்கும் ஓர் உறை மாட்டினால் அது நடந்துவிடும். சைக்கிளில் தொங்கும் பைக்கு உண்மையான எதிரி கீழிருந்து வரும் தண்ணீர். பின்சக்கரம் வாரியிறைக்கும் செம்மண் குழம்பு பையின் முதுகில், அதாவது கேரியரைத் தொட்டிருக்கும் பக்கத்தில், நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்கும். மழை உறைகள் பெரும்பாலும் அந்த முதுகுப் பக்கத்தைத் திறந்தேதான் விடுகின்றன. உறைக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கி, துணிப்பையை ஊறவைக்கும். பேக்-ரோலரில் முதுகும் அடியும் பக்கங்களும் ஒரே பூச்சுப் பொருளால் ஆனவை. புகோபாவுக்கு முன்னால், விடியற்காலை மழையில் புறப்பட்டு நண்பகல் வரை ஓட்டிய ஒரு நாளின் முடிவில், முதுகுப் பலகையில் விரற்கடை தடிப்புக்குச் சேறு அப்பியிருந்தது. உள்ளே அடியில் வைத்திருந்த போர்வையின் மடிப்பில் கை வைத்துப் பார்த்தபோது ஈரத்தின் சுவடே இல்லை. விடுதியின் வாளித் தண்ணீர் அரை வாளி ஊற்றியதும் சேறு முழுவதும் வழிந்து போய்விட்டது. இதே நிறுவனம் பிளஸ் என்ற பெயரில் நைலான் துணியில் இன்னொரு வகை செய்கிறது. அது எடை குறைவு, தொடுவதற்கு மென்மை. ஆனால் அதன் நெசவில் செம்மண் ஏறினால் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். மழைக்கால ஆப்பிரிக்காவுக்கு வழவழப்பான கிளாசிக்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பையை நான் மதிக்கக் காரணம் மழையைவிடச் சேறுதான். தார் போடாத சாலைகளில் பரப்பும் செம்மண் சரளையை அங்கே முர்ரம் என்கிறார்கள். காய்ந்திருக்கும்போது அது தார்ச்சாலைக்கு இணையாக ஓடும். ஒரு மணி நேரம் மழை பெய்ததும் மேற்பரப்பு வழுக்கத் தொடங்கும். லாரிகள் உழுது போட்ட இடங்களில் களிமண் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துவிடும். அப்போது ஏறி ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. பைகளைக் கழற்றி ஒரு முறையும், சைக்கிளைத் தூக்கி இன்னொரு முறையும் என்று நூறு மீட்டரை மூன்று நடையில் கடக்க வேண்டியிருக்கும். கிபோண்டோவுக்கு வடக்கே ஒரு நாள் முழுவதும் இப்படித்தான் கழிந்தது. அந்த நாளில் பையை எத்தனை வேகமாகக் கழற்றி மாட்ட முடிகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பேக்-ரோலரின் கொக்கிகளுக்கு கியூ.எல்.2.1 என்று பெயர். மேலே இரண்டு கொக்கிகள் கேரியரின் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கீழே ஒரு நாக்கு கேரியரின் காலில் சிக்கிக்கொண்டு பை ஆடாமல் பார்த்துக்கொள்ளும். மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு கொக்கிகளும் தாமாகத் திறக்கும். கேரியரின் மேல் வைத்துக் கைப்பிடியை விட்டால் தாமாகப் பூட்டிக்கொள்ளும். தனியாக அழுத்த வேண்டிய பொத்தானோ இழுக்க வேண்டிய ஊசியோ இல்லை. முழங்கை வரை சேறு பூசியிருக்கும்போது, ஒரு கையால் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டுமே இதைச் செய்ய முடிகிறது என்பதன் அருமை, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சேறு கொக்கியின் வாய்க்குள் புகுந்து இறுகினால் பூட்டும் துண்டு முழுவதும் மூடாமல் நிற்கும். அதைக் கவனிக்காமல் கிளம்பினால் முதல் பள்ளத்திலேயே பை எகிறி விழும். குடிதண்ணீர் போத்தலிலிருந்து ஒரு வாய் தண்ணீரை அந்த இடத்தில் பீய்ச்சினால் போதும், மணல் வெளியே வந்து ‘டக்’ என்ற சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்காமல் கிளம்புவதில்லை என்று பழக்கிக்கொள்வது நல்லது.

நீர்புகாமை என்றால் எதுவரை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பைக்குக் கொடுத்திருக்கும் தரம் ஐ.பி.64. முதல் எண்ணான 6, தூசு அறவே புகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாம் எண்ணான 4, எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கினாலும் தாங்கும் என்று அந்த எண் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை. நன்றாகச் சுருட்டிய பைக்குள் காற்று இருப்பதால் சிறிது நேரம் மிதக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சாலையின் குறுக்கே முழங்கால் அளவுக்கு மேல் வெள்ளம் ஓடும் இடங்களில் சைக்கிளைப் பைகளோடு தள்ளிக்கொண்டு இறங்குவது சரியல்ல. பைகளுக்கு முன்பே மனிதருக்குத்தான் ஆபத்து. அத்தகைய வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருந்து, பைகளைத் தோளில் சுமந்து கடப்பதற்கு, பையோடு கூடவே வரும், தோளில் மாட்டும் நீளமான பட்டை உதவுகிறது.

இனி, இந்தப் பை தீர்க்காத ஒரு சிக்கலுக்கு வருகிறேன். வெளியே உள்ள தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே உள்ள ஈரத்தையும் வெளியே விடாது. இது பழுது அல்ல, நீர்புகாத எந்தப் பைக்கும் உள்ள இயல்பு. ஆனால் மழைக்கால ஆப்பிரிக்காவில் இதுதான் அன்றாடப் போராட்டம். துவைத்த துணி அங்கே ஓர் இரவில் காயாது. முக்கால்வாசி காய்ந்த சட்டையைக் காலையில் உள்ளே போட்டுச் சுருட்டி மூடினால், நண்பகல் வெயிலில் பை சூடாகி, மாலையில் திறக்கும்போது முழுப் பையும் புழுங்கிய வாடை அடிக்கும். இரண்டு மூன்று நாள் இப்படியே விட்டால் தோல் பொருள்களிலும் புத்தகங்களிலும் பூஞ்சணம் பூக்கும். நான் கடைப்பிடித்த முறை எளிமையானது. இடப்பக்கப் பை முழுக்க உலர்ந்த பொருள்களுக்கு மட்டும். ஈரமானது எதுவும், நனைந்த கூடாரம் உட்பட, வலப்பக்கப் பையைத் தாண்டி வராது. காலையில் எத்தனை அவசரமானாலும் இந்த எல்லையை மீறக் கூடாது. பிறகு, வெயில் தலைகாட்டும் எந்த இடைவேளையிலும், தேநீருக்கு நிற்கும் பத்து நிமிடமானாலும், இரண்டு பைகளின் வாயையும் அகலத் திறந்து வைக்க வேண்டும். ஜிப் இல்லாத அகலமான வாய் இதற்கு மிகவும் வசதி.

அந்த அகலமான வாயே மழை நடுவில் திறக்கும்போது தொல்லையாகிறது. ஒரே அறை, வெளியே ஜேப்பு எதுவும் இல்லை. அடியில் கிடக்கும் ஒரு பொருளை எடுக்க முழுப் பையையும் மழைக்குக் காட்ட வேண்டும். பகலில் தேவைப்படும் எதையும், அதாவது மழைச்சட்டை, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்பு, தின்பண்டம் ஆகியவற்றை, இந்தப் பைகளுக்குள் வைக்காமல் கைப்பிடியில் மாட்டும் சிறு பையில் வைப்பதே நல்லது. பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: கிழக்கு ஆப்பிரிக்காவில் அமெரிக்க டாலர் நோட்டுகளை மாற்றும்போது, கிழிந்ததையும் கறை படிந்ததையும் ஈரத்தில் நைந்ததையும் வாங்க மறுப்பார்கள், 2006-க்கு முன் அச்சிட்ட நோட்டுகளையும் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். ஆகவே பை எத்தனை நல்லதானாலும், பாஸ்போர்ட்டும் டாலரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு. உள்ளே ஈரம் சேரும் என்பது மேலே சொன்ன காரணத்தால்தான்.

முர்ரம் சாலைகளில் லாரிச் சக்கரங்கள் உண்டாக்கும் அலையலையான மேடுபள்ளங்கள் சைக்கிளை நாள் முழுவதும் உதறவைக்கும். அந்த அதிர்வில் எந்தக் கொக்கியின் திருகும் தளரக்கூடும். வாரம் ஒரு முறை எல்லாத் திருகுகளையும் முறுக்கிப் பார்ப்பது கட்டாயம். கொக்கிகள் 16 மில்லிமீட்டர் தடிமன் வரை உள்ள கேரியர் கம்பிகளுக்குப் பொருந்தும். மெல்லிய கம்பிகளுக்காக உள்ளே செருகும் பிளாஸ்டிக் துண்டுகள் கூடவே வருகின்றன. சரியான அளவுத் துண்டைச் செருகாவிட்டால் கொக்கி கம்பியின் மேல் ஆடும். ஆடும் இடத்தில் மணல் புகும். மணல் புகுந்தால் அரத்தால் ராவியதுபோல அலுமினியக் கம்பி தேயும். கொக்கி உட்காரும் இடங்களில் பழைய டியூப் ரப்பரையோ தடித்த டேப்பையோ சுற்றிவைத்தால் கேரியர் தப்பிக்கும்.

டியூப் ரப்பர் என்றதும் நினைவுக்கு வருவது, உகாண்டாவிலும் தான்சானியாவிலும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும், லாரி டியூபை நீள நீளமாக அறுத்து விற்கும் பட்டைகள். அங்கே ம்பிரா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கனத்த கறுப்புச் சைக்கிள்களில் வாழைத்தார்களையும் கரி மூட்டைகளையும் கட்டிக்கொண்டு மலையேறும் அந்த ஊர் மனிதர்கள் எல்லோரும் நம்பியிருப்பது இந்தப் பட்டையைத்தான். நானும் ஒரு ஜோடி வாங்கி, இரண்டு பைகளையும் கேரியரோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். மோசமான சாலையில் பைகள் எகிறுவது அதோடு நின்றது. பைகளின் மேல் குறுக்காக வைத்த கூடாரத்துக்கும் அதுவே கட்டு.

ம்பாண்டாவுக்குத் தெற்கே சாலை கட்டவி தேசியப் பூங்காவின் நடுவே போகிறது. சிங்கமும் எருமையும் திரியும் அந்தப் பகுதியைச் சைக்கிளில் கடக்க எனக்கு விருப்பம் இல்லை. சைக்கிளைப் பேருந்தின் கூரையில் ஏற்றினேன். கூரையின் இரும்புக் கம்பியில் வழிநெடுக உரசியதில் ஒரு பையின் மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. பி.வி.சி.யில் டியூபுக்கு ஒட்டும் ரப்பர் கரைசல் சரியாகப் பிடிக்காது என்பதால் என்னிடம் இருந்த பஞ்சர் பெட்டி பயன்படவில்லை. சும்பவங்கா சந்தையில் செருப்புத் தைக்கும் ஃபுண்டி (கைவினைஞர்) ஒருவர் பையைப் புரட்டிப் பார்த்தார். கிழிசலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தார். பக்கத்தில் லாரித் தார்பாய் பழுதுபார்ப்பவரிடம் இரண்டு துண்டுகள் வாங்கிவந்து, முனைகள் பிரிந்துவராதபடி மூலைகளை வட்டமாக வெட்டி, செருப்புப் பசையால் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒட்டி, மேலே தன் இரும்புக் கட்டையை வைத்துவிட்டு என்னைச் சாப்பிட்டு வரச் சொன்னார். ஊசியை எடுக்கவே இல்லை. தைத்தால் ஒழுகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. லாரித் தார்பாயிலிருந்து பிறந்த பைக்கு, லாரிகள் ஓடும் எந்த ஊரிலும் மருந்து உண்டு. புதுப்புதுப் பெயர்களில் வரும் நுண்மையான துணிகளுக்கு இந்த நன்மை கிடையாது. இந்தப் பையின் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான். நிறுவனம் தரும் ஐந்தாண்டு உத்தரவாதம் நல்ல விஷயம், ஆனால் சும்பவங்காவில் மழை பெய்துகொண்டிருக்கும்போது அது கைகொடுக்காது.

அந்த ஒட்டு அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள உஃபிப்பா பீடபூமியில் மழை குளிர்ந்து பெய்கிறது; வெப்பமண்டலம்தானே என்று கம்பளிச் சட்டை இல்லாமல் வருபவர்கள் அங்கே நடுங்கிப்போவார்கள். துண்டுமாவைத் தாண்டி, ம்பேயாவிலிருந்து டுக்குயு வழியாக கியேலா நோக்கி இறங்கும் சாலை தான்சானியாவிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று. தேயிலைத் தோட்டங்களின் நடுவே நாள் முழுவதும் தூறலும் கொட்டலும் மாறி மாறி வந்தன. கரோங்காவில் பையைத் திறந்து பார்த்தபோது ஒட்டுப் போட்ட மூலையிலும் ஈரம் இல்லை.

நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கறுப்பும் நீலமும் வேண்டாம். மேற்குத் தான்சானியாவின் மியோம்போ காடுகளில், கடித்து இரத்தம் உறிஞ்சும் ட்சேட்சே ஈக்கள் உண்டு. அவற்றைப் பிடிக்க வைக்கும் பொறிகளை நீலத்திலும் கறுப்பிலும் செய்வதே அந்த நிறங்கள் அவற்றை ஈர்ப்பதால்தான். ஆடைக்கும் இதே விதி. மஞ்சள் நிறப் பை சேற்றில் அழுக்காகத் தெரியும், ஆனால் மாலை மழையின் மங்கலில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கும் தெரியும். பைகளில் பிரதிபலிப்பான் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் மாலையில் அதைத் துடைத்துவிடாவிட்டால் செம்மண் மூடி அதனால் பயனில்லாமல் போய்விடும்.

விலை அதிகம்தான். தார்ச்சாலைகளில் மட்டும், வறண்ட மாதங்களில் மட்டும் போகிறவர்களுக்கு இத்தனை செலவு தேவையில்லை. ஒரு நல்ல துணிப்பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டாலே போதும். மழைக்காலத்தில் போவதென்றால் வேறு எதிலாவது மிச்சம் பிடித்து இதை வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. வாங்குவதைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் கம்பாலாவை விட்டபின் நான் போன வழியில் இத்தகைய பைகள் விற்கும் கடை எதுவும் கண்ணில் படவில்லை. கூடவே ஒரு கொக்கி, நாலைந்து திருகுகள், அவற்றுக்கான சாவி, பட்டையில் மாட்டும் கொளுவி ஒன்று ஆகியவற்றையும் உதிரியாக வாங்கிக் கைப்பிடிப் பையின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள். தார்பாய் எங்கும் கிடைக்கும், இந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள்தான் கிடைக்காது.